நொட்டாங்கைத் தையல்

அர்டேலியா பிகின்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்டுவிடுவாள். கேட்காமல் விழுங்கினால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. லூசியானாவில் அரிசி ஆலையில் மூட்டை தைத்த காலத்தில் மேஸ்திரி அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வக்கீலம்மா. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கெட்டதும் வாயால்தான், பிழைத்ததும் அதே வாயால்தான்.

வாய்க்கு அடுத்தபடியாக அவளுக்கு வம்பு கொண்டுவந்தது இடது கை. பிறவியிலேயே நொட்டாங்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தக் கையை மாவுச் சாக்குத் துணியால் நாற்காலியோடு கட்டிவைத்து, வலது கையால் எழுதச் சொன்னாள். "இந்தக் கை என்ன தப்பு பண்ணிச்சு டீச்சர்?" என்று கேட்டதற்கு இரண்டு அடி அதிகமாக விழுந்தது. ஆனால் ஆலையில் அதே கைக்கு மரியாதை இருந்தது. மற்றப் பெண்கள் மூட்டை வாயை இடமிருந்து வலமாகத் தைப்பார்கள், இவள் வலமிருந்து இடமாக. ஒரே மூட்டையில் இரண்டு பேரை உட்காரவைத்தால் நடுவில் வந்து சேர்ந்துகொள்வார்கள். வேலை பாதி நேரத்தில் முடியும்.

1942இல் கலிபோர்னியாவில் கப்பல் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பொம்பளைகளை எடுக்கிறார்களாம், கறுப்பர்களையும் எடுக்கிறார்களாம். போர்ச் சாமான் செய்கிற இடத்தில் நிறம் பார்த்து ஆளைத் தள்ளக்கூடாது என்று ஜனாதிபதி உத்தரவே போட்டிருந்தார். உத்தரவு மேலே இருந்தது, வேலை வாங்குகிறவர்கள் கீழே இருந்தார்கள், நடுவில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. அர்டேலியாவின் கணவன் அப்போது பட்டாளத்தில். லாரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன் கையில் பட்டாளம் கரண்டியைக் கொடுத்துச் சமையலுக்கு அனுப்பியிருந்தது. ஏன் என்று அவனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். அதிகாரியைக் கேட்டுப் பார் என்று பதில் வந்தது. பொரித்த கோழியை ஒரு செருப்புப் பெட்டியில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். கறுப்பருக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் இடமில்லாததால் மூன்று நாளும் அந்தக் கோழிதான்.

பிரெந்திஸ் கப்பல்தளம் வளைகுடாக் கரையில் இருந்தது. அங்கே பொம்பளைகளுக்கு வெல்டிங் பழக்கினார்கள். ஆறு வாரம் பழகி, அர்டேலியா பரீட்சைக்குப் போனாள். படுத்த தகடு, நிமிர்ந்த தகடு, தலைக்கு மேலே பிடித்த தகடு என்று மூன்றையும் ஒட்டவேண்டும். பிறகு ஒட்டின இடத்தைப் பட்டையாக வெட்டி எந்திரத்தில் கொடுத்து வளைப்பார்கள். விரிசல் விடாவிட்டால் தேறினதாக அர்த்தம். அவளுடைய பட்டைகள் மூன்றும் லாடம் மாதிரி வளைந்தன, ஒரு கீறல் இல்லை. சூப்பிரண்டு ஹஸ்கெல் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டையான, கழுத்துச் சிவந்த மனிதர்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், மனமில்லாமல்.

"அப்ப எனக்கு முத்திரை எப்ப குடுப்பீங்க சார்?"

ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண் உண்டு. எண் செதுக்கிய ஒரு சின்ன இரும்பு முத்திரையைத் தருவார்கள். ஒரு தையலை முடித்ததும் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. இரண்டு தகடு சேரும் கோட்டுக்குக் கப்பல்தளத்திலும் தையல் என்றுதான் பெயர். யார் தைத்தது என்று கப்பல் உள்ளளவும் அந்த எண் சொல்லும்.

"உனக்கு முத்திரை கெடையாது. சங்கம் கையெழுத்து போட்டாத்தான் கார்டு. கார்டு இருந்தாத்தான் முத்திரை."

"அப்ப சங்கத்துல சேந்துக்கறேன் சார்."

"உங்க ஆளுங்களுக்குன்னு தனியா துணைச் சங்கம் இருக்கு. அதுல சேரு."

"அவங்க கையெழுத்து போடுவாங்களா?"

"போட அவங்களுக்கு அதிகாரம் இல்ல."

"பின்ன அது எதுக்கு சார் இருக்கு?"

ஹஸ்கெலின் கழுத்து இன்னும் கொஞ்சம் சிவந்தது. "ஏ பொண்ணு, உனக்கு வேலை வேணுமா, பதில் வேணுமா?"

"ரெண்டும் கெடைச்சா நல்லது சார்."

வேலை மட்டும் கிடைத்தது. துணைச் சங்கத்தில் சந்தா உண்டு, ஓட்டு இல்லை. காகிதத்தில் அவள் உதவியாள், அதாவது வெல்டிங் கம்பி இழுத்துக் கொடுத்து, தையல்மேல் ஓடாகப் படிகிற கசடைக் கூட்டுகிறவள். ஆனால் கப்பல் கேட்டு வாஷிங்டனிலிருந்து தந்தி மேல் தந்தி வந்துகொண்டிருக்க, தேறின கையைத் துடைப்பம் பிடிக்கவிட ஹஸ்கெல் பைத்தியக்காரரா? கார்டு உள்ள ஒரு வெல்டருக்குக் கீழே ஒவ்வொரு உதவியாளையும் ஒட்டிவிட்டார். உதவியாள் தைப்பாள். முத்திரை அந்த வெல்டருடையது விழும்.

அர்டேலியாவுக்கு வாய்த்தவன் கார்வின் டீக், எண் 417. ஒக்லகோமாவில் புழுதிப் புயல் நிலத்தைத் தின்றபின், மூன்று குழந்தைகளை ஓட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன். கலிபோர்னியாக்காரர்கள் அவனையும் ஓக்கி என்று மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஒருவன் மிதித்தால், தனக்குக் கீழே மிதிக்க ஆள் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற உலகம் இது. கார்வின் குனிந்து பார்க்கவில்லை. அதற்காக நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சீட்டியடித்துக்கொண்டு வருவான், அவள் முடித்த தையலுக்குப் பக்கத்தில் 417 என்று தட்டுவான், போவான்.

முதல் நாளே அவள் கேட்டுவிட்டாள். "மிஸ்டர் டீக், நான் தச்சதுக்கு உங்க நம்பரா?"

"ரூல் அப்படி ஆர்டி. நம்பர் இல்லாத தையலை இன்ஸ்பெக்டர் வெட்டி எடுத்துருவாரு. நல்லாயிருந்தா பேரு எனக்கு, ஒழுகினா ஒதையும் எனக்குத்தான்."

"இதுவரைக்கும் ஒதை வாங்கியிருக்கீங்களா?"

"நீ வந்த பொறவு இல்ல."

"ஏன்னு யோசிச்சீங்களா?"

கார்வின் சிரித்தான். யோசிக்கிற வழக்கத்தை அவன் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தளத்தில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது, அந்தக் கப்பலில் ஒரு தையல்கூட ஒழுகாத வெல்டரின் மனைவியை மேடை ஏற்றி, கப்பல் மூக்கில் ஒயின் பாட்டிலை உடைக்கச் சொல்வார்கள். 1943 மார்ச்சில் அந்தப் பாக்கியம் 417க்கு வந்தது. கார்வினின் மனைவி லொரீன், யாரிடமோ இரவல் வாங்கிய இறகுத் தொப்பியோடு மேடையில் நின்றாள். உதவியாட்களுக்கு அன்று விடுப்பு இல்லை. அர்டேலியா அடுத்த கப்பலின் முன்பக்கத் தொட்டிக்குள் ஒரு நிமிர்ந்த தையலைப் பாதிவரை ஏற்றியிருந்தாள். பேண்டு வாத்தியம் கேட்டது. எப்படித்தான் உடைப்பார்கள்? முதல் அடியிலேயே உடையுமா? உடையாவிட்டால் என்ன செய்வார்கள்? முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி ஓடினாள்.

லொரீன் முதல் தடவை அடித்ததில் பாட்டில் தப்பித்துக்கொண்டது. இரண்டாவதில் உடைந்து, நுரை முழுக்க அவளுடைய இரவல் தொப்பியில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. கப்பல் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. அது மூழ்காமல் நிற்பதற்குத் தன் கையும் காரணம் என்று அர்டேலியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் வயிறு எரிந்தது. திரும்ப ஓடிவந்து, விட்ட இடத்திலிருந்து தையலை ஏற்றி முடித்தாள்.

அன்று மாலை அறைக்குப் போனதும் மோசெலிடம் சொன்னாள். மோசெல் டெக்சாஸ்காரி, அதே தளத்தில் இரவு வேலை. இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். பகலில் மோசெல் தூங்குவாள், இரவில் அர்டேலியா. கட்டில் சூடு ஆறுவதற்கே நேரமில்லை. மாலை ஐந்து மணிக்குக் காப்பிக்கு அரைமணி நேரம்தான் இரண்டு பேரும் முகம் பார்ப்பது.

"அவ பாட்டில ஒடச்சா. நீ முதுக ஒடச்சிக்கிட்ட" என்றாள் மோசெல். "பேரு யாருக்கடி?"

"நானூத்திப் பதினேழுக்கு."

"உன் பேரு எங்க?"

அந்தக் கேள்வி அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கட்டிக்கொண்டிருந்த அந்த அடுத்த கப்பலின் பக்கவாட்டில் சும்மா நடந்தாள். தையல்களைப் பார்த்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். உருகிய இரும்பு ஆறும்போது தையல் நெடுகச் சின்னச் சின்னப் பிறைகள் வரிசையாக விழும். இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் இந்தத் தையலில் பிறைகளின் முதுகு எல்லாம் இடப்பக்கம் இருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்றில் எல்லாம் வலப்பக்கம். இது ஏன் இப்படி?

ரொட்டியைக் கடிக்க மறந்துபோய் நின்றாள். கை எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே பிறை முதுகைக் காட்டும். வலது கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் போகிறார்கள். அரிசி மூட்டையில் அவளைப்போல வலமிருந்து இடமாகப் போகிறவர் இந்தக் குழுவில் வேறு யார்? ஒரு வாரம் ஒவ்வொருவர் கையாகக் கவனித்தாள். காப்பிக் கோப்பையை எந்தக் கையில் பிடிக்கிறார்கள், பந்தை எந்தக் கையால் எறிகிறார்கள், மூக்கை எந்தக் கையால் சொறிகிறார்கள் என்று அவள் உற்றுப் பார்த்ததில், ஒரு கிழட்டு வெல்டர் தன்மேல் அவளுக்கு ஏதோ எண்ணம் என்று பயந்தே போனார். முப்பத்திரண்டு பேர் குழுவில் நொட்டாங்கை அவள் ஒருத்தி மட்டும்தான்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரமெல்லாம் கப்பலைப் படித்தாள். மளிகைக் காகிதப்பை ஒன்றைக் கிழித்து அதில் கப்பலை வரைந்து, 417 என்று முத்திரை விழுந்தும் பிறை முதுகு வலப்பக்கம் இருந்த தையலுக்கெல்லாம் ஒரு கோடு போட்டாள். காகிதப்பை கோடுகளால் நிரம்பிவிட்டது.

ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது. ஜனாதிபதி உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க வந்த குழு. அர்டேலியாவும் அவளைப்போலப் பதினான்கு உதவியாட்களும் புகாரில் கையெழுத்துப் போட்டார்கள்: நாங்கள் வெல்டர் வேலை செய்கிறோம், எங்களுக்கு வெல்டர் கார்டு வேண்டும். ஹஸ்கெல் கட்டுக் கட்டாகக் காகிதத்தைக் கொண்டுபோய்க் குழுவின் முன் வைத்தார். இந்தத் தளத்தில் கறுப்பு உதவியாள் எவரும் ஒரு அங்குலம்கூடத் தைத்தது கிடையாது, எல்லா முத்திரையும் கார்டுக்காரர்களுடையது, நீங்களே பாருங்கள் என்றார். காகிதம் அவர் பக்கம்தான் பேசியது.

குழுவிலிருந்து வந்த பெல்லமி மெலிந்த மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "காகிதத்துக்கு எதிரா உங்ககிட்ட என்னம்மா இருக்கு?"

"கப்பல் இருக்கு சார்" என்றாள் அர்டேலியா.

வியாழக்கிழமை கப்பலைப் பார்க்க வருவதாக அவர் சொன்னார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க, செவ்வாய்க்கிழமை தண்ணீர்ச் சோதனை வந்தது. தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி, வெளியே எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கிற சோதனை. முன்பக்கத் தொட்டியில் ஒரு தையல் கசிந்தது. இன்ஸ்பெக்டர் ராஸ்முசன் அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். அரசாங்கச் சம்பளக்காரர், டென்மார்க் கிழவர், யாருக்கும் வணங்காதவர். வட்டத்துக்குள் முத்திரை 417.

ஒழுகினால் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். கார்டு போனால் போர் வேலைக்காக கார்வினுக்குப் பட்டாளத்திலிருந்து கொடுத்திருந்த விலக்கும் போகும். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் தைக்கலன்னு சொன்னா, உதவியாள்தான் தச்சதுன்னு ஆயிடும். வியாழக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதன்னு ஹஸ்கெல் சொல்லிட்டாரு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆர்டி, அது உன்னுதா?" என்று கேட்டான்.

"இன்னும் பாக்கல மிஸ்டர் டீக்."

பார்க்கப் போனாள். தண்ணீரை இறைத்துவிட்டிருந்தார்கள். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஈரத் தொட்டிக்குள் இறங்கினாள். நிமிர்ந்த தையல். நிமிர்ந்த தையலை யாராக இருந்தாலும் கீழிருந்து மேலேதான் ஏற்றவேண்டும். பிறைகள் எல்லாம் கீழே முதுகைக் காட்டின. எந்தக் கை என்று அதில் யாராலும் படிக்க முடியாது. அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் மார்பு உயரத்தில் ஒரு புடைப்பு. தையலை அங்கே யாரோ நிறுத்தி, திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கும் முன் பழைய கசடைச் சுத்தியால் தட்டி எடுக்கவில்லை. கசடுக்குமேல் இரும்பு ஏறி, அடியில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. பேண்டு வாத்தியம், ஏணி, இறகுத் தொப்பியில் நுரை. பாட்டில் உடைவதைப் பார்க்க ஓடினவள், திரும்பிவந்த அவசரத்தில் சுத்தியைத் தொடவே இல்லை.

மாலை காப்பிக்கு மோசெலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"படிக்க முடியாதுன்னு நீயே சொல்ற" என்றாள் மோசெல். "அப்ப வாய மூடிக்கிட்டு இரு. பதினஞ்சு பேரு கார்டு உன் நாக்குல தொங்குது. உன் தையல் ஒழுகிச்சின்னா, பாத்தீங்களா இவளுங்க லட்சணத்தன்னு சொல்லுவான் அந்தக் கழுத்துச் செவந்தவன்."

"கார்வின் கதி?"

"உன் நல்ல தையலுக்கெல்லாம் அவன் மூச்சு விட்டானா? கெட்டத மட்டும் உன் தலையில கட்டிக்கிறியா? அவன் பொண்டாட்டி பாட்டில ஒடைக்கட்டும், அவன் ஒழுகறத ஒழுகட்டும். கணக்கு சரியாப் போச்சு."

"நல்லதெல்லாம் என்னுது, கெட்டது மட்டும் அவனுதுன்னா, அதைத்தானேடி அவங்க நமக்குச் செஞ்சாங்க? நாமளும் அதையே திருப்பிப் போட்டுச் செய்யறதா?"

"வேதாந்தம் பேசாத. காப்பி ஆறுது."

அந்த இரண்டு நாளும் அர்டேலியாவுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கார்டு போய்விடும் என்ற பயம் மட்டுமில்லை. தன்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

வியாழக்கிழமை பெல்லமி வந்தார். கூடவே ஹஸ்கெல், ராஸ்முசன், கார்வின். அர்டேலியா காகிதப்பையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"இதுல பிறை முதுகு எந்தப் பக்கம் சார்?"

"இடப்பக்கம்" என்றார் பெல்லமி.

"இதுல?"

"வலப்பக்கம். ரெண்டுலயும் நம்பர் நானூத்திப் பதினேழு." குனிந்து மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தார். "இது ஏன் இப்படி?"

அந்தக் கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் அர்டேலியாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கையைப் பற்றி விளக்கினாள். ஹஸ்கெல் சிரித்தார். "எவன் வேணா எந்தப் பக்கமும் போலாம். இதெல்லாம் கைரேகை ஜோசியம்."

பெல்லமி இரண்டு துண்டுத் தகடுகள் கேட்டார். கார்வினும் அர்டேலியாவும் அவர் கண்முன்னால் ஆளுக்கொன்று தைத்தார்கள். கசடைத் தட்டியதும் பிறைகள் தெரிந்தன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். ராஸ்முசன் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முப்பது வருஷமா தையல் பாக்கறேன். இதைக் கவனிக்கல. அவ சொல்றது சரி" என்றார்.

ஹஸ்கெல் லேசுப்பட்டவர் இல்லை. "சரி. எல்லாத்தையும் படிக்கிறாளே, இதையும் படிக்கட்டும்" என்று எல்லோரையும் முன்பக்கத் தொட்டிக்குள் இறக்கினார். சாக்குக்கட்டி வட்டத்தின் முன்னால் நிறுத்தினார். "ஒழுகின தையல். இது எந்தக் கை, சொல்லு?"

கார்வின் தரையைப் பார்த்தான். அவனுடைய காது மடல் வெளுத்திருந்தது.

"இதைப் படிக்க முடியாது சார்" என்றாள் அர்டேலியா. "நிமிந்த தையல். எந்தக் கையா இருந்தாலும் கீழேருந்து மேலதான் போகும்."

"பாத்தீங்களா! நல்லதெல்லாம் இவளுது. ஒழுகினதுன்னா மட்டும் படிக்க வராது."

பெல்லமி ராஸ்முசனைப் பார்த்தார். அவள் சொல்வது நிஜம் என்று கிழவர் தலையசைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஏணி பக்கத்தில்தான் இருந்தது. அர்டேலியா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"படிக்க முடியாது" என்றாள் மறுபடியும். "ஆனா அது என்னுது. நான் தச்சேன். பாட்டில் ஒடைக்கறத பாக்க ஓடிட்டேன், திரும்பி வந்து கசடு தட்ட மறந்துட்டேன். மிஸ்டர் டீக் இதைத் தொடவே இல்ல."

கார்வின் தலையைத் தூக்கிவிட்டான். ஹஸ்கெலுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆயிற்று. "கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா! இவதான் தச்சிருக்கா, தச்ச லட்சணம் இது! இதுக்குத்தான் இவங்களுக்குக் கார்டு குடுக்கறதில்ல!"

தொட்டிக்குள் அவர் குரல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

"சார்" என்றாள் அர்டேலியா. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில்தான் கேட்டாள். "உதவியாள் ஒரு அங்குலம்கூட தைக்கறதில்லன்னு சொன்னீங்களே. அப்ப நான் எப்படி சார் இதை ஒழுகவிட்டேன்?"

பெல்லமி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, நேரத்தைப் பார்த்துவிட்டு, ஹஸ்கெல் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். ராஸ்முசன் ஒரு படி மேலே போனார். இந்தத் தையல் யாருடையது என்று தெரிந்துபோனபின் இதன்மேல் இன்னொருத்தர் எண் மட்டும் இருப்பதைத் தான் ஒத்துக்கொள்ள முடியாது, இதைச் செப்பனிடுகிறவள் தன் சொந்த முத்திரையைக் குத்தாதவரை கப்பல் தண்ணீரில் இறங்காது என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

கப்பல் நின்றால் வாஷிங்டன் கேட்கும். சனிக்கிழமைக்குள் பதினைந்து கார்டு வந்தது. சங்கத்தின் கையெழுத்து இல்லை, குறுக்கே சிவப்பு மையில் தற்காலிகம் என்று எழுதியிருந்தது. சங்கத்தில் ஓட்டு வர இன்னும் ஒன்றரை வருஷமும் ஒரு கோர்ட்டுக் கேஸும் ஆயிற்று. கார்வினின் கார்டு தப்பியது. உதவியாள் வேலைக்குத் தன் முத்திரையைக் கொடுத்தான் என்று ஹஸ்கெல் அவன்மேல் பாய்ந்தபோது, கொடுக்கச் சொன்னது யார் என்று அவனே திருப்பிக் கேட்டானாம். அந்தப் பழக்கம் தொற்றுகிற ரகம்.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அடுத்த வாரமே கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே போகவேண்டும் என்றார்கள். கார்டில் தேதி போட்டபடி கறுப்பர்கள் எல்லாருமே கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான். முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வேலை தேடிப்போன ஆபீசில் குமாஸ்தா அவளுடைய காகிதத்தைப் பார்த்து அனுபவம் என்ற இடத்தில் உதவியாள் என்று எழுதினான். அவள் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு, இடது கையால் வெல்டர் என்று எழுதினாள். வேலை என்னவோ சலவைக்கடையில்தான் கிடைத்தது. பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். இதை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. அவள் ஆத்திரப்பட்டாள், சலவைக்கடை முதலாளியை ஏன் ஏன் என்று கேட்டே பாதி சாகடித்தாள், அங்கேயும் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் கட்டினாள்.

ஆனால் கார்டு கைக்கு வந்தபின் விடிந்த அந்த ஏப்ரல் மாதத் திங்கட்கிழமையை அவளிடமிருந்து யாரும் திருப்பி வாங்கவில்லை. காலை ஏழு மணிக்கு முன்பக்கத் தொட்டிக்குள் இறங்கினாள். கெட்டுப்போன இடத்தைக் குடைந்து எடுத்து, கசடைச் சுத்தமாகத் தட்டி, ஊதிப் பார்த்து, கீழிருந்து மேலே நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஏற்றினாள். அன்றைக்குப் பேண்டு வாத்தியமே வாசித்திருந்தாலும் திரும்பியிருக்கமாட்டாள். ஆறினதும் பைக்குள்ளிருந்து புது முத்திரையை எடுத்தாள். எண் 1096. இடது கையில் சுத்தி, ஒரே தட்டு.

கார்வின் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என் நம்பரைத் தேச்சு எடுத்துரு ஆர்டி. ரூல் அதுதான்" என்று அரத்தை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "இருக்கட்டும் மிஸ்டர் டீக்."

"ஒரு தையல்ல ரெண்டு நம்பரா? நாளைக்கு எவனாவது இதைப் பாத்தான்னா கொழம்புவான்."

"கொழம்ப மாட்டான்" என்றாள் அர்டேலியா, முத்திரையைத் துடைத்துப் பைக்குள் வைத்தபடி. "இது ஏன் இப்படின்னு கேப்பான்."